வெள்ளையாகக் கழுவிய கயிறு

1

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு நாள் கயிறு வெட்டுவார்கள். ஆயுத பூஜை போடுவது போல அதற்கென்று ஒரு காலையை ஒதுக்கி, மரம் ஏறுகிற எங்களையெல்லாம் ஷெட்டுக்கு முன்னால் நிற்கவைத்து, பழைய கயிறுகளைக் குவித்துப் போட்டு, மேஸ்திரி லிம் ஒரு கைக்கோடாலியால் முழம் முழமாகத் துண்டு போடுவார். ஒன்றுகூட அறுந்த கயிறு இல்லை. ஊரில் என்றால் இன்னும் பத்து வருஷம் அவற்றில் தண்ணீர் இறைப்பார்கள்.

"எதுக்கு வெட்டணும்? அப்படியே குப்பையில போட்டா ஆகாதா?" என்று புதிதாகச் சேர்ந்த ஒருவன் கேட்டான். லிம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எவனாவது பொறுக்கிக்கொண்டு போவான், அதை நம்பி இன்னொருவன் மரம் ஏறுவான் என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த கயிற்றை இழுத்துப் போட்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் சட்டைப் பையில் நாலு நாளாக ஒரு கடிதம் இருந்தது. ஊரிலிருந்து கலியபெருமாள் மச்சான் எழுதியது. அவர் என் சித்தப்பா மகள் செல்லம்மாவின் வீட்டுக்காரர். நான் சிங்கப்பூருக்கு வருவதற்கு முன் எட்டு வருஷம் என்னோடு சேர்ந்து மரம் ஏறியவர். நாலு வருஷத்துக்கு முன் கயிறு அறுந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் மரத்துப் பக்கமே போகாமல் இருந்தவர். அவர் எழுதியிருந்தார்:

"கால் இப்ப பரவால்ல மாப்ள. தை பொறந்ததும் அரும்பாவூர்ல ஒரு தூங்குமூஞ்சி மரத்துல கிளை கழிக்கப் பேசியிருக்கேன். நீ குடுத்த கயித்துல மீதி பெட்டியில பத்திரமா இருக்கு. அதை வச்சுத்தான் ஏறப்போறேன்."

படித்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பதில் எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று நாலு நாளை ஓட்டிவிட்டேன். தைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

வெட்டி முடித்த பிறகு லிம் ஒரே ஒரு கயிற்றை மட்டும் தனியே எடுத்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. லாரி பேட்டரிக்குப் பக்கத்தில் கிடந்து ஆசிட் பட்ட கயிறாம். ஒரு முனையை லாரியிலும் மறுமுனையை ஒரு அடிமரத்திலும் கட்டி லாரியை லேசாக நகர்த்தச் சொன்னார். பட்டென்று அறுந்தது. நைலானுக்கு ஆசிட் ஆகாது, வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே செத்துப்போயிருக்கும் என்றார்.

"பாத்ரூம் கழுவற ஆசிட்கூடவா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பாத்ரூம் ஆசிட்டால் கயிற்றைக் கழுவுகிற மடையன் யார் என்று லிம் கேட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

2

இந்த வேலைக்கு இங்கே இங்கிலீஷில் பெரிய பெயர் உண்டு. மரத்துக்கு ஆபரேஷன் செய்கிறவன் என்று அர்த்தம். என் மகள் சாந்திக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று எழுதச் சொன்னபோது 'என் அப்பா மர டாக்டர்' என்று எழுதினாளாம். டீச்சர் சிரித்ததும் அதை அழித்துவிட்டு 'என் அப்பா கவர்ன்மெண்ட் ஆபீசர்' என்று மாற்றிவிட்டாள். நோட்டைப் பார்த்தபோது கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. பொய்யில் அவளுக்கு அப்பனே வாத்தியார் என்பது அவளுக்குத்தான் அப்போது தெரியாது.

நான் இங்கே வந்து சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். தாய்மாமன் இங்கேயே குடியுரிமை வாங்கித் தங்கிவிட்டவர். அவர் மகள் பார்வதியைக் கட்டிக்கொண்டதால் வந்தேன். இல்லாவிட்டால் கூலிக்கு மரம் ஏறுகிறவனை எவன் கூப்பிடப்போகிறான்? குடிநுழைவு ஆபீசில் 'தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று மாமா அரைமணி நேரம் யோசித்து, கடைசியில் 'விவசாயம்' என்று எழுதினார். எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது.

இங்கே ரோட்டோரம் முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்கள். அரியலூர் ரோட்டில் புளியமரம் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கும். முதல் நாள் அவர்கள் கொடுத்த சாமான்களைப் பார்த்து மலைத்துப்போனேன். தலைக்குத் தொப்பி, தொடை வரை வருகிற பெல்ட், முள் வைத்த பூட்ஸ், செயின் சா. ஒரு மாதத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று எனக்கே புரிந்துவிட்டது. என்னைக் கேட்டால் செயின் சா தரையில் கிடக்கிற மரத்துக்குத்தான். கிளை மேல் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு கையும் மெஷினுக்குப் போய்விட்டால் மரத்தைப் பிடிக்க மூன்றாவது கையை யார் கொடுப்பது? வளைந்த கைரம்பம் போதும். நேரம் ஆகும், ஆகட்டும். முள் பூட்ஸ், வெட்டி அப்புறப்படுத்தப்போகிற மரத்துக்கு மட்டும். உயிரோடு நிற்கப்போகிற மரத்தில் அதைப் போட்டு ஏறினால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு புண். இதையெல்லாம் நான் இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் மாதிரிச் சொல்கிறேன். கயிற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

கயிறு விஷயத்தில் எனக்குத் தெரிந்து கலியபெருமாள் மச்சானை மிஞ்சிய ஆள் இல்லை. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிப் பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர். ஆளும் அந்த மாதிரி நிதானம். அவர் அரியலூர் சந்தைக்குக் கயிறு வாங்கப் போனால் கடைக்காரன் தலையில் கை வைத்துக்கொள்வான். சுருள் முழுவதையும் பிரிப்பார். முழத்துக்கு முழம் காலால் மிதித்து, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இழுப்பார். புரியைப் பிரித்து முகர்ந்து பார்ப்பார். சந்தேகம் வந்தால் பல்லால் கடிப்பார். "பொண்ணு பாக்க வந்தாக்கூட இம்புட்டு பாக்க மாட்டாங்கய்யா" என்று கடைக்காரன் கத்துவான். "பொண்ணு கோவிச்சுக்கிட்டா பொறந்த வூட்டுக்குத்தான் போவா. இது கோவிச்சுக்கிட்டா நான்ல மேல போவணும்" என்பார் மச்சான்.

அப்படி வாங்கிய தேங்காய்நார்க் கயிற்றையும் ஒற்றையாக நம்பமாட்டார். இடுப்புக்கு இரண்டு கயிறு கட்டுவார். எட்டு வருஷத்தில் ஒரு சிராய்ப்பு கிடையாது.

3

எண்பதுகளின் தொடக்கத்தில் முதல் தடவையாக லீவில் ஊருக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து போகிறவன் பெட்டியில் எல்லோருக்கும் ஒரு சாமான் இருந்தாக வேண்டும். சித்தப்பாவுக்குக் கைக்கடிகாரம், செல்லம்மாவுக்கு நைலக்ஸ் சேலை, தெருவுக்கே தைலமும் சோப்பும். எனக்கென்று ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அது என் தோளில் தொங்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அதன் உபயோகம்.

மச்சான் கேட்டது ஒரே ஒரு சாமான். "நல்லதா ஒரு கயிறு கொண்டா மாப்ள. வேற ஒண்ணும் வேணாம்" என்று எழுதியிருந்தார்.

டேப் ரெக்கார்டர் வாங்கிய பிறகு கயிற்றுக்குக் கையில் காசில்லை. ஷெட்டின் மூலையில் கழித்துப் போட்ட கயிறு ஒன்று கிடந்தது. அப்போதெல்லாம் துண்டு போடும் வழக்கம் இல்லை. கழித்த கயிற்றின் நுனியில் சிவப்புப் பெயிண்ட் தடவிப் போட்டுவிடுவார்கள். சிவப்பு என்றால் இனி ஆள் ஏறக்கூடாது என்பது சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் கயிறு எப்படி அடிவாங்கியது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பெரிய கிளை அதில் விழுந்து குலுக்கியபோது நான் அடுத்த மரத்தில்தான் இருந்தேன்.

எடுத்துக்கொண்டு போனேன். சிவப்பு நுனியை வெட்டி எறிந்தேன். மீதி, பிசினும் அழுக்குமாகப் பழுப்பேறிக் கிடந்தது. சோப்புப் போட்டேன், போகவில்லை. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை வாளியில் ஊற்றி ஒரு பகல் முழுக்க ஊறவைத்தேன். எடுத்துப் பார்த்தால் தும்பைப் பூ மாதிரி இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

பார்வதி வாசலில் நின்று பார்த்தாள். "ஏங்க, புதுசாவே ஒண்ணு வாங்கியிருக்கலாமே?"

"இங்க தூக்கிப் போடறது ஊருல பத்து வருஷம் வரும். உனக்கு என்ன தெரியும்?"

"நல்ல கயிறுன்னா எதுக்கு இப்படி மாஞ்சு மாஞ்சு கழுவறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் சுங்க அதிகாரி பெட்டியைக் கிளறினார். டேப் ரெக்கார்டரை விட்டுவிட்டுக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். "என்னய்யா, நம்ம ஊர்ல கயிறா கிடைக்கல? இதைப் போயி கப்பல்ல தூக்கிட்டு வர்றே?" என்றார். "ஃபாரின் கயிறுங்க சார், புதுசு" என்றேன். வாயிலிருந்து அந்தச் சொல் முதன்முதலாக வந்தது அங்கேதான். ஒரு தடவை வந்த பிறகு அடுத்த தடவை சுலபமாக வந்தது.

மச்சான் கயிற்றை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். ஆனால் பிரிக்கவில்லை, மிதிக்கவில்லை, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு தடவை இழுத்துப் பாத்துக்குங்க மச்சான்" என்றேன்.

"அட நீ ஒண்ணு! நீ கொண்டாந்ததைப் பல்லுல கடிச்சுப் பாக்கச் சொல்றியா? நான் என்ன சந்தையிலயா வாங்கறேன்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். செல்லம்மா காபியோடு வந்தாள். "எங்க அண்ணன் மாதிரி யாரு செய்வாங்க?" என்றாள். நான் காபியை வாங்கிக் குடித்தேன்.

4

நான் திரும்பி வந்த சில மாதங்களில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து மச்சான் ஒரு கடிதம் போட்டிருந்தார். அங்கே ஒரு வீட்டில் வேப்பமரம் கழிக்கப் போனாராம். "துபாய் சாமான், குவைத் சாமான் எல்லாம் பாத்த பாய்ங்களே கயித்தைத் தொட்டுப் பாத்து அசந்துட்டாங்க மாப்ள. இப்பல்லாம் ரெண்டு கயிறு கட்டறதில்ல. இது ஒண்ணே போதும்." இரண்டு கயிறு கட்டிக்கொள்ளுங்கள் என்று நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே என்று எழுதவில்லை.

அந்த வருஷமே விழுந்தார். அரியலூர் ரோட்டில் ஒரு அரிசி மில்லின் கூரை மேல் சாய்ந்த புளியங்கிளையைக் கழித்துக்கொண்டிருந்தபோது இடுப்புக்குப் பக்கத்தில் கயிறு அறுந்தது. அரிவாள் கையில் இருந்திருக்கிறது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே எனக்கு எழுதினார்:

"எல்லாம் என் தப்புதான் மாப்ள. அரிவாள் கயித்து மேல பட்டிருக்கும்போல. பட்டது எனக்கே தெரியல. ஃபாரின் கயிறு சும்மா அறுந்து போவுமா? ஆசையா கொண்டாந்து குடுத்தே, அதை வீணடிச்சுட்டேன். மிச்சத்தைப் பத்திரமா வச்சிருக்கேன். கோவிச்சுக்காத."

மரம் ஏறுகிறவனுக்கு விழுவது அவமானம் இல்லை. தன் கயிற்றைத் தானே வெட்டிக்கொள்வதுதான் அவமானம். குடிபோதையில் ஏறினவன், கை நடுங்கினவன், தொழில் தெரியாதவன் செய்கிற காரியம் அது. மச்சான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர். மூன்று மாதத்தில் அவருக்கு ஊர் பெயர் வைத்துவிட்டது: கயிறுவெட்டி. தபால்காரர்கூட "கயிறுவெட்டி வூட்டுக்குத் தபாலு" என்று சொல்லிக்கொண்டு வருகிறாராம். செல்லம்மா எழுதியிருந்தாள். கால் தேறின பிறகும் யாரும் மரத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டார், "என் கையை என்னாலயே நம்ப முடியல"ன்னு அரிவாளைப் பரணில் போட்டுட்டாரு அண்ணே என்று அதிலேயே எழுதியிருந்தாள். புளியம்பழ ஏலக்காரரிடம் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அத்தனை வருஷம் உச்சிக் கிளையில் நின்ற மனிதர் கீழே உட்கார்ந்து காக்காய் விரட்டிக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது. பதில் போட்டேன். "மச்சான், அரிவாளைப் பார்த்துப் பிடிக்கக் கூடாதா? இத்தனை வருஷம் ஏறினவருக்கு இதுகூடத் தெரியாதா?" என்று புத்தி சொல்லி எழுதினேன். கூடவே இடுப்பில் தேய்க்க இரண்டு பாட்டில் தைலமும் அனுப்பினேன். அந்தக் கடிதத்தை இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆசிட் விஷயம் எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் சிவப்புப் பெயிண்ட் தெரியும். நாலு வருஷமாக அதை மறந்துவிட்டு, ஒன்றுமே தெரியாதவனைப் போல நடித்துக்கொண்டிருந்தேன்.

5

கயிறு வெட்டிய அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராகச் சாந்தியின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கடிதம் போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள். நடுவில் பொங்கல் தபால் வேறு. தந்திதான் வழி. தந்தி இங்கிலீஷில் எழுத வேண்டும். எனக்குக் கையெழுத்துக்கு மேல் வராது. வேலைச் சட்டையோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் சாந்தி கூட வந்த சிநேகிதிகளை முன்னே அனுப்பிவிட்டு, பிறகுதான் என் பக்கத்தில் வந்தாள்.

தபால் ஆபீசில் இருந்த பெண், "சாவா?" என்று கேட்டாள். இந்தியாவுக்குத் தந்தி என்றால் அப்படித்தான் கேட்பார்களாம். இல்லை என்று தலையாட்டினேன். சாந்தி படிவத்தை வைத்துக்கொண்டு பேனாவோடு நின்றாள்.

"என்னப்பா எழுதணும்?"

"கயிறு கெட்டுப்போனதுன்னு எழுதும்மா. அதைக் கட்டி ஏறாதீங்க, எரிச்சுடுங்கன்னு எழுது."

எழுதினாள்.

"உங்க அரிவாள் படலை. கயிறுதான் அறுந்துச்சு. அதையும் எழுது."

"எந்த அரிவாள்ப்பா?"

"எழுது, சொல்றேன்."

எழுதினாள். பேனாவை மூடப் போனாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. எனக்கு அப்பவே தெரியும்னு எழுது."

சாந்தி நிமிர்ந்து பார்த்தாள். "என்னப்பா தெரியும்?"

"கெட்ட கயிறுன்னு தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"அவங்க கீழ விழுந்தாங்களா?"

"ஆமா."

எழுதினாள். அவள் எழுத்து எப்போதும் குண்டு குண்டாக அழகாக இருக்கும். அன்றைக்கு அந்தக் கடைசி வரி மட்டும் பொடியாக இருந்தது. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீடு வரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

6

மூன்று வாரம் கழித்து மச்சானின் பதில் வந்தது. கடிதத்தைப் பிரிக்காமல் ஒரு பொழுது வைத்திருந்து, பிறகு பார்வதி எதிரில் பிரித்தேன். அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"மாப்ளைக்கு. உன் தந்தி வந்துச்சு. தந்தின்னதும் செல்லம்மா நீ போய்ச் சேந்துட்டேன்னு மாரடிச்சுக்கிட்டு விழுந்துட்டா. தெருவே கூடி அழுதுச்சு. நானும் அழுதேன். அப்பறம் ஹெட்மாஸ்டர் சார் வந்து நடுத்தெருவுல நின்னு சத்தமாப் படிச்சு அர்த்தம் சொன்னாரு. அழுதவங்கல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. உனக்காக அழுதது வீணாப் போச்சு.

கயித்தை எரிச்சுட்டேன். சும்மா எரிக்கல. சந்தையில பாக்கற மாதிரி கால்ல மிதிச்சு இழுத்துப் பாத்துட்டுத்தான் எரிச்சேன். என் ஒரு ஆளு இழுப்புக்கே அறுந்துச்சு. அன்னிக்கே பாத்திருந்தா அன்னிக்கே அறுந்திருக்கும். பாக்காதது என் தப்பு. பாக்க விடாதது உன் தப்பு.

நாலு வருசமா ராவும் பகலும் என் கையைப் பாத்துக்கிட்டே இருந்தேன் மாப்ள, இந்தக் கையா அப்படிப் பண்ணுச்சுன்னு. அதுக்கு நீ பதில் சொல்ல முடியாது. அதனால கேக்கல.

இப்ப என்னை யாரும் அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடறதில்ல. ஊரு சும்மா இருக்குமா? உனக்கு ஒரு பேரு வச்சுட்டாங்க. அதை நான் எழுத மாட்டேன். வந்தா நீயே கேட்டுக்க.

அரும்பாவூர் மரம் பேசினபடியேதான். மாசி வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கேன். அரியலூர்ல ரெண்டு கயிறு வாங்கிட்டேன், கடைக்காரன் பழையபடி கத்தினான். வர்றதா இருந்தா வா. வெறுங்கையோட வா, ஒரு சோப்புக்கட்டி எடுத்துட்டு வந்தாலும் வாசப்படி ஏறாத. கீழ நின்னு கயிறு புடிக்க எனக்கு ஆளு இருக்கு. நீ தள்ளி நின்னு பாரு, என் அரிவாள் எங்க படுதுன்னு."

பார்வதி படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். "போயிட்டு வாங்க" என்றாள். பெட்டியில் என்ன வைப்பது என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. கம்பெனியில் லீவுப் படிவம் கொடுத்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் லிம் தானே 'சொந்த விஷயம்' என்று எழுதிக்கொண்டார்.

சாந்தி தானும் வருகிறேன் என்கிறாள். எதற்கம்மா, உனக்கு அங்கே போரடிக்கும் என்றேன். அந்த மாமாவைப் பார்க்க வேண்டும் என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாராவது ஒருவர் என் புதுப்பெயரைச் சொல்லத்தான் போகிறார்கள். அவள் என் பக்கத்தில் நின்று கேட்பாள். அவளுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவிட்டேன்.